அலங்கார எழுத்துருவில் ஒரு தலைப்பு: முதல்முறை செய்பவர்களுக்கு

பேனாவை எடுக்காமல் இழுத்து எழுதியதுபோல, ஓர் எழுத்தின் வால் அடுத்த எழுத்தைப் போய்த் தொடும் ஆங்கில எழுத்துருக்களைப் பார்த்திருப்பீர்கள். 'ஸ்கிரிப்ட்' வகை என்பார்கள். அழைப்பிதழ், சான்றிதழ், லோகோ என நாலைந்து சொற்கள் பெரிதாக வரும் இடங்களுக்குத்தான் இவை. பத்தி முழுக்க அடித்தால் யாரும் படிக்கமாட்டார்கள்.

நாம் எடுத்துக்கொள்வது 'கிரேட் வைப்ஸ்'. திறந்த உரிமத்தில் கிடைப்பதால் கட்டணம் கிடையாது, தொழிலுக்கும் பயன்படுத்தலாம். வரைவதற்கான மென்பொருள் இங்க்ஸ்கேப், அதுவும் இலவசம்.

படி 1. எழுத்துருவைக் கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் இறக்கி, ஜிப்பைப் பிரித்து, எழுத்துருக் கோப்பில் ரைட் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுங்கள். இங்க்ஸ்கேப் ஏற்கெனவே திறந்திருந்து, பட்டியலில் பெயர் வராவிட்டால் மூடித் திறந்து பாருங்கள்.

படி 2. டெக்ஸ்ட் கருவியால் 'வெல்கம்' என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். முதல் எழுத்து மட்டும் கேப்பிட்டல். எல்லாவற்றையும் கேப்பிட்டலில் அடித்தால் சுழிகள் ஒன்றோடொன்று மோதி, என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது. தமிழில் அடித்துப் பார்க்காதீர்கள். இதில் தமிழ் எழுத்துகள் இல்லை, கணினி வேறு எழுத்துருவை நுழைத்துவிடும்.

படி 3. எழுத்து இடைவெளி பூஜ்யத்திலேயே இருக்கட்டும். கொஞ்சம் கூட்டினாலும் இணைப்புக் கோடு அறுந்து, வால்கள் அந்தரத்தில் தொங்கும். ஆங்கில 'ஓ'வின் வால் பெரும்பாலும் மேலே முடியும், மற்ற பல எழுத்துகளின் வால் கீழே. அதனால் 'ஓ'வும் 'எம்'மும் சேரும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே ஒழுங்காகச் சேர்ந்தால் எழுத்துரு நல்ல எழுத்துரு.

சில எழுத்துருக்களில் ஒரே எழுத்துக்குப் பல வடிவங்கள் இருக்கும். ஹெர்மன் ஸாஃப் வடிவமைத்து 1998-இல் வெளிவந்த 'ஸாஃபினோ' அப்படித்தான். மேக் கணினியில் அதன் பெயரையே அதில் அடித்தால் மொத்தச் சொல்லும் ஒரே உருவமாகச் சேர்ந்துகொள்ளும்!

படி 4. அளவு. மெல்லிய கோடுகள் சிறிய அளவில் மறைந்துவிடும். நான் 40 பாயிண்ட்டுக்குக் கீழே போவதில்லை. கூட வரும் தேதி, முகவரிக்குச் சாதாரண எழுத்துரு போதும்; இன்னொரு ஸ்கிரிப்ட் வேண்டவே வேண்டாம்.

படி 5. எழுத்துகளை ஒரே வடிவமாக்குவது. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் இணைகின்றன. முதல்முறை ஒரு பெயரை அப்படியே ஸ்டிக்கர் வெட்டக் கொடுத்தேன். இணைப்புகளின் மேலேயே கத்தி ஓடி, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாகக் கையோடு வந்தது. எனவே எழுத்தைத் தேர்ந்தெடுத்து, பாத் மெனுவில் 'ஆப்ஜெக்ட் டு பாத்', அப்புறம் ஆப்ஜெக்ட் மெனுவில் 'அன்குரூப்', மறுபடி பாத் மெனுவில் 'யூனியன்'. இப்போது வெளிக்கோடு மட்டும் போட்டுப் பாருங்கள், நடுவே குறுக்குக் கோடு இருக்காது.

ஆனால் இதற்குப்பின் எழுத்துப் பிழையைத் திருத்த முடியாது. அதனால் படி 5-க்கு முன்பே ஒரு நகலைச் சேமித்துவிடுங்கள்.