உள் தளங்களுக்காக உலாவியின் பாதுகாப்பைத் தளர்த்தும்போது செய்யக்கூடாத தவறுகள்

நிறுவனத்தின் உள் வலையமைப்பில் உள்ள ஒரு தளம் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்டால், பலர் விண்டோஸின் 'இன்டர்நெட் ஆப்ஷன்ஸ்' பகுதியில் இன்டர்நெட் மண்டலத்தின் பாதுகாப்பையே குறைத்துவிடுகிறார்கள். விண்டோஸ் தளங்களை நம்பகத்தன்மைக்கேற்ப மண்டலங்களாகப் பிரிக்கிறது; வெளித் தளங்கள் 'இன்டர்நெட்' மண்டலத்திலும், நிறுவனத்தின் உள் தளங்கள் 'லோக்கல் இன்ட்ராநெட்' மண்டலத்திலும் அடங்க வேண்டியவை. ஒரே ஒரு முகவரிக்குத் தேவைப்படும் தளர்வை இணையம் முழுவதற்கும் கொடுப்பதுதான் இதிலுள்ள முதல் தவறு. அந்த மண்டலத்தில் தானியங்கி உள்நுழைவை அனுமதித்துவிட்டால், வெளியிலுள்ள தீய தளமும் உங்கள் விண்டோஸ் கணக்கின் அடையாளச் சான்றைக் கேட்டுப் பெற்று, கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்க முயலலாம்.

முகவரியில் புள்ளி இல்லாத பெயரை இட்டால் விண்டோஸ் வழக்கமாக அதை இன்ட்ராநெட்டாகக் கருதித் தானாக உள்நுழைய விடும்; ஆனால் 192.168.1.20 போன்ற ஐபி முகவரியையோ, புள்ளிகள் கொண்ட முழுப் பெயரையோ இட்டால் அதே தளம் இன்டர்நெட் மண்டலத்துக்குப் போய்விடும். கடவுச்சொல் திரும்பத் திரும்பக் கேட்கப்படுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஆகவே அந்தத் தளத்தின் முழுப் பெயரை மட்டும் 'லோக்கல் இன்ட்ராநெட்' பட்டியலில் சேர்த்தால் போதும். குரோமும் எட்ஜும் இந்தப் பட்டியலைப் பின்பற்றுகின்றன. சோம்பல்பட்டு நட்சத்திரக் குறியிட்டு ஒரு டொமைனையே சேர்ப்பது, அதன்கீழ் நாளை யார் எந்தத் தளத்தைத் தொடங்கினாலும் இன்றே நம்பிக்கை அளிப்பதாகும்.

தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழை நம்ப முடியவில்லை என்று உலாவி காட்டும் எச்சரிக்கையைத் தாண்டிச் செல்லப் பழகுவதை இவற்றிலெல்லாம் மிக ஆபத்தானதாகக் கருதுகிறேன். தினமும் 'அட்வான்ஸ்டு', 'புரொசீட்' என்று அழுத்தும் ஊழியர், போலிச் சேவையகம் ஒன்று இடையில் புகுந்த நாளிலும் அதையே அழுத்துவார். உள் தளங்களின் சான்றிதழ்களுக்கு ஒப்பமிடும் நிறுவனத்தின் மூலச் சான்றிதழைக் கணினிகளில் நிறுவுவதே முறை. நிறுவிய பின்னும் எச்சரிக்கை வந்தால், சேவையகச் சான்றிதழின் 'சப்ஜெக்ட் ஆல்டர்னேட்டிவ் நேம்' பகுதியில் தளத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 'காமன் நேம்' பகுதியில் மட்டும் பெயர் இருந்தால் குரோம் 2017 முதல் ஏற்பதில்லை.

வலைப் பாதுகாப்பையோ சான்றிதழ்ச் சோதனையையோ அணைக்கும் கட்டளைகளைக் குரோமின் ஷார்ட்கட்டில் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் குறிப்புகளை அன்றாட வேலைக்குப் பின்பற்றவே கூடாது. அப்படித் திறந்த உலாவியில் பார்க்கும் வங்கித் தளத்துக்கும் அந்தப் பாதுகாப்பு இருக்காது.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டுமே இயங்கும் பழைய செயலிக்காக, 2022 ஜூனில் ஆதரவு நிறுத்தப்பட்ட அந்த உலாவியைத் தேடிப்பிடிக்க வேண்டியதில்லை. பழைய உலாவியின் முறையிலேயே பக்கத்தைத் திறக்கும் எட்ஜின் 'ஐஇ மோட்' வசதியின் பட்டியலில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் சேர்க்கலாம். பயனர் தாமே சேர்க்கும் பதிவு வழக்கமாக 30 நாளில் காலாவதியாகிவிடும் என்பதால், நீடித்த தேவைக்கு நிர்வாகியிடம் சொல்லி நிறுவனப் பட்டியலில் சேர்ப்பதே சரி.