ஒரே கணினியில் இரண்டு விண்டோஸ்: பழையதைப் பத்திரமாக நீக்கும் முறை

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்தது. அதையொட்டி வீட்டுக் கணினியில் புதிய எஸ்எஸ்டி பொருத்தி, பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றாமலேயே விண்டோஸ் 11ஐ நிறுவியவர்களுக்கு, கணினியை இயக்கும்போதெல்லாம் ஒரு நீலத் திரை தோன்றி, இரண்டு விண்டோஸ்களில் எது வேண்டும் என்று கேட்கக்கூடும். எதையும் தொடாவிட்டால் வழக்கமாக 30 விநாடிகளில் முதன்மையானது தானாகவே திறந்துகொள்ளும் என்பதால், பலர் இதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். நீக்க விரும்புவோர் முதலில் அறியவேண்டியது, திரையில் தெரியும் வரியை நீக்குவது வேறு, டிஸ்கில் இருக்கும் பழைய விண்டோஸை நீக்குவது வேறு என்பதாகும்.

இத்தகைய திரை எதுவும் வராமல், சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற கோப்புறை மட்டும் இருந்தால், அது இரண்டாவது இயங்குதளம் அன்று. செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று சென்று அதை நீக்கிவிடலாம்.

இரண்டு விண்டோஸ்கள் உண்மையிலேயே இருப்பின், புதியதற்குள் நுழைந்து, ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்'டைத் திறக்கவேண்டும். அங்கே ஒரு பார்ட்டிஷனில் (டிஸ்கின் ஒரு பகுதியில்) 'பூட்' என்றும் இன்னொன்றில் 'சிஸ்டம்' என்றும் குறித்திருக்கும். தற்போது ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் இருக்குமிடம் 'பூட்'; கணினியைத் துவக்கும் கோப்புகள் இருக்குமிடம் 'சிஸ்டம்'. பெயர்கள் தலைகீழாக இருப்பதுபோல் தோன்றினாலும் பொருள் இதுதான். பழைய ஹார்ட் டிஸ்கில் ஏற்கெனவே இஎஃப்ஐ பார்ட்டிஷன், அதாவது துவக்கக் கோப்புகளுக்கென ஒதுக்கிய சிறு பகுதி, இருந்தால், நிறுவும் நிரல் எஸ்எஸ்டியில் புதிதாக ஒன்றை உருவாக்காமல், துவக்கக் கோப்புகளை அந்தப் பழையதிலேயே வைத்துவிடுவதுண்டு. அந்நிலையில் ஹார்ட் டிஸ்கை அழித்தால் எஸ்எஸ்டியில் இருக்கும் புதிய விண்டோஸும் துவங்காது.

ஆகவே எதையும் அழிப்பதற்கு முன் ஒரு சோதனை அவசியம். டிஸ்கிலுள்ளவற்றைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதிகளான பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்கிக்கொண்டிருந்தால், அதன் 48 இலக்க மீட்புச் சாவியை முதலில் காகிதத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஷிஃப்ட் விசையை அழுத்தியவாறே ஷட்டவுன் கொடுத்து, மின்பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஹார்ட் டிஸ்கிலிருந்து மதர்போர்டுக்குச் செல்லும் தட்டையான சாட்டா கேபிளை மட்டும் கழற்றிக் கணினியை இயக்குங்கள். விண்டோஸ் திறந்தால் எஸ்எஸ்டி தன் காலில் நிற்கிறது என்று பொருள்; கேபிளைத் திரும்ப மாட்டிவிட்டு மேலே தொடரலாம். பூட் டிவைஸ் இல்லை என்ற செய்தி வந்தால், துவக்கக் கோப்புகள் பழைய டிஸ்கில்தான் இருக்கின்றன.

பின்னதற்குப் 'பிசிடிபூட்' கட்டளையைக் கொண்டு எஸ்எஸ்டியில் அக்கோப்புகளை உருவாக்கும் வழி உண்டு. ஆனால் அதற்கு முதலில் சி டிரைவைச் சுருக்கி, இஎஃப்ஐ பார்ட்டிஷன் ஒன்றை அமைக்கவேண்டும். புதிய விண்டோஸில் இன்னும் அதிக மென்பொருள்களை ஏற்றவில்லை என்றால், தேவையான கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு, ஹார்ட் டிஸ்க் கழன்ற நிலையிலேயே பென் டிரைவிலிருந்து எஸ்எஸ்டியில் விண்டோஸை மறுபடியும் நிறுவுவதே என் கணிப்பில் எளிது, நேரமும் குறைவு.

சோதனையில் தேறிய பிறகு, பழைய டிரைவின் 'யூசர்ஸ்' கோப்புறைக்குள் இருக்கும் ஆவணங்களையும் படங்களையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். அனுமதி கேட்டால் 'கன்டினியூ' கொடுத்தால் போதும். டெஸ்க்டாப்பில் போட்டுவைத்தவற்றைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அடுத்து விண்டோஸ் விசையுடன் ஆர் அழுத்தி, 'எம்எஸ்கான்ஃபிக்' என்று ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்து, 'பூட்' பகுதிக்குச் சென்றால் இரண்டு வரிகளும் தெரியும். 'கரன்ட் ஓஎஸ்' என்று குறித்திருப்பதைத் தொடாமல், மற்றதைத் தேர்ந்து 'டிலீட்' கொடுங்கள். பட்டியலில் ஒரே வரி எஞ்சினால் நீலத் திரை இனி வராது.

கடைசியாக, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பழைய விண்டோஸ் இருந்த பார்ட்டிஷனை ஃபார்மட் செய்யலாம். அளவைப் பார்த்து இருமுறை சரிபாருங்கள். டிரைவ் எழுத்தை மட்டும் நம்பவேண்டாம், ஏனெனில் ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் பெரும்பாலும் தன்னையே சி என்று அழைத்துக்கொள்ளும். பழைய டிஸ்கிலுள்ள சிறிய இஎஃப்ஐ பார்ட்டிஷனை அங்கிருந்து அழிக்க இயலாது. விண்டோஸின் கட்டளைக் கருவியான 'டிஸ்க்பார்ட்'டின் 'கிளீன்' கட்டளை அதையும் அழித்துவிடும் என்றாலும், தவறான டிஸ்க் எண்ணைத் தேர்ந்திருந்தால்கூட அது ஒரு வார்த்தை கேட்காமல் துடைத்துவிடும். 100 எம்பி இடத்துக்காக அந்தப் பக்கம் போகாமலிருப்பதே நல்லது.