மாந்தோப்பு விற்ற பணத்தில் துபாய் கோல்டன் விசா: இங்கே முடிக்க வேண்டிய வேலைகள்

துபாயில் 20 லட்சம் திர்ஹாம் மதிப்புள்ள வீடு வாங்கினால் கோல்டன் விசா எனும் 10 வருடக் குடியிருப்பு விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அதை எப்படிச் செய்வது என்று சொல்ல யூடியூபில் நிறைய பேர் இருக்கிறார்கள். நம் ஊர் நிலத்தை விற்ற பணத்தை முறையாக அங்கே கொண்டுபோவதுதான் பெரிய வேலை. காவேரிப்பட்டணம் பக்கம் அண்ணன் தோப்பை விற்றபோது காகித வேலை முழுவதையும் நான் பார்த்தேன். பாஸ்போர்ட், பான் எல்லாம் தயாராக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: நில ஆவணங்கள்

கிரையப் பத்திரம், பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, அப்புறம் அடங்கல். பலர் அடங்கலை விட்டுவிடுகிறார்கள். நிலத்தில் பயிர் இருந்ததற்கு அதுதான் சாட்சி. கிராமப்புற விவசாய நிலம் என்றால் விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. ஆனால் தூரக் கணக்கு உண்டு: மக்கள்தொகை 10,000க்கு மேல் 1 லட்சம் வரை உள்ள ஊரின் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டரும், 1 லட்சத்தைத் தாண்டி 10 லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டரும் தள்ளியிருக்க வேண்டும். நேர்கோட்டில் அளப்பார்கள். ஓசூரைச் சுற்றி நிலம் உள்ளவர்கள் ஆடிட்டரிடம் கேட்காமல் விற்காதீர்கள்.

விற்கும் தொகை முழுவதும் வங்கி வழியாகவே வரட்டும். பத்திரத்தில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை என்பது நம் பக்கம் சகஜம். கையில் வந்த பணத்துக்குக் கணக்குக் காட்ட வழியே இல்லை. நிலத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய அளவுக்கே அபராதம் வரலாம். அட்வான்ஸும் ஆர்டிஜிஎஸ்ஸில்தான்.

படி 2: பெயர்

எங்களை அதிகம் அலைக்கழித்தது இதுதான். பட்டாவில் ‘கோ. முருகன்’, பானில் ‘முருகன் ஜி’, பாஸ்போர்ட்டில் ‘முருகன் கோவிந்தன்’. நமக்கு மூன்றும் ஒரே ஆள். வங்கிக்கு மூன்று ஆள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பான், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றையும் மாற்றுங்கள். பழைய பத்திரங்களை மாற்ற முடியாது. அவற்றுக்கு நோட்டரி முன் பிரமாணப் பத்திரமும், சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பும் தயார் செய்யுங்கள். நிலத்தைப் பதிவு செய்வதற்கு முன்பே இதை முடித்தால், புதுக் கிரையப் பத்திரத்திலாவது பெயர் சரியாக ஏறும்.

எல்லாவற்றையும் ஜெராக்ஸ் கடையின் பெரிய ஸ்கேனரில் வண்ணத்தில் எடுங்கள். போன் ஆப்பில் எடுத்தால் முத்திரைத்தாளின் ஓரமும் சார்பதிவாளர் முத்திரையும் வெளிறிவிடுகின்றன.

படி 3: பணம் அனுப்புதல்

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப அனுமதிக்கும் ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டுக்கு 2.5 லட்சம் டாலர் வரை அனுப்பலாம். 20 லட்சம் திர்ஹாம் என்பது சுமார் 5.45 லட்சம் டாலர். கணவனும் மனைவியும் சேர்ந்தாலும் 5 லட்சத்தில் நின்றுவிடும். ஏப்ரலில் புது நிதியாண்டு தொடங்கும். அதனால் பெரும்பகுதியை மார்ச்சிலும் மீதியை ஏப்ரலிலும் அனுப்பும்படி வீடு விற்பவரிடம் முன்பே தேதி பேசிக்கொள்ளுங்கள். பணம் அனுப்பும் எல்லோர் பெயரும் வீட்டுப் பத்திரத்தில் இருக்க வேண்டும்.

ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாயைத் தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் (பணம் அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். ஒருவர் 2.1 கோடி அனுப்பினால் 40 லட்சம் தனியாகக் கையில் வேண்டும்! வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், மிச்சம் திரும்பி வரும். ஆனால் அதுவரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும். வீட்டு விலையை மட்டும் பார்த்துத் தோப்பை விற்காதீர்கள்.

சேர்த்தது: தம்பதியாக வாங்கினால் திருமணச் சான்று கேட்பார்களா என்று தர்மபுரியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். கேட்பார்கள். மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை வாங்க வேண்டும். அமீரகம் போனபின் அங்குள்ள வெளியுறவு அமைச்சகத்திலும் ஒன்று. பணம் அனுப்பும் முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள்.

இன்னொன்று: 23 லட்சம் ரூபாய் கட்டினால் ஆயுள் முழுக்கக் கோல்டன் விசா என்று 2025 ஜூலையில் பரவிய செய்தியை அமீரக அரசே மறுத்துவிட்டது. அதை நம்பி எந்த ஏஜென்டிடமும் பணம் கட்டாதீர்கள்.

படி 4: வீடு வாங்கிய பிறகு

இந்தியாவில் குடியிருப்பவராக இருக்கும்வரை, வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துப் பகுதியில் ஒவ்வொரு வருடமும் அந்த வீட்டைக் காட்ட வேண்டும். வாடகை வராவிட்டாலும் காட்ட வேண்டும். விட்டால் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம்.