ஆயிரக்கணக்கான போட்டோக்களைத் தம்ப்நெயிலிலேயே பார்த்துப் பிரிப்பது எப்படி? டிஜிகேம் செய்முறை

பழைய டிஜிட்டல் கேமரா, அப்புறம் வந்த நாலைந்து போன்கள், வாட்ஸ்அப் ஃபோல்டர், கல்யாண போட்டோகிராபர் கொடுத்த பென் டிரைவ். எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்கில் சேரும்போது பெரும்பாலான வீடுகளில் படங்களின் எண்ணிக்கை பத்தாயிரத்தைச் சுலபமாகத் தாண்டிவிடுகிறது. அவ்வளவையும் ஒவ்வொன்றாகத் திறந்து, அம்புக்குறியைத் தட்டித் தட்டிப் பார்ப்பது நடக்கிற காரியம் இல்லை. பார்ப்பது, ஒதுக்குவது, தேர்ந்தெடுப்பது எல்லாவற்றையும் தம்ப்நெயில் எனும் குட்டிப் படங்களின் கட்டங்களிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். தேவைப்படும் படத்தை மட்டும் பெரிதாகத் திறந்தால் போதும். அதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தப் பதிவு.

இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் மென்பொருள் டிஜிகேம். 2001இல் ரெஞ்சி ராஜு தொடங்கி, இன்று கேடிஇ என்ற கட்டற்ற மென்பொருள் குழுமத்தின் கீழ் வளர்ந்துவரும் கட்டற்ற மென்பொருள் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், காசு கிடையாது. இதைவிட எளிய வியூவர்கள் உண்டு. சில நூறு படங்கள்தான் என்றால் அவையே போதும். ஆனால் படங்கள் ஆயிரக்கணக்கில் போகும்போது, தம்ப்நெயிலை ஒருமுறை உருவாக்கித் தன் தரவுத்தளத்தில் பத்திரமாக வைத்துக்கொள்ளும் மென்பொருள்தான் கைகொடுக்கும்.

முதலில், ஏன் மெதுவாகிறது?

இதைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் படிகள் எல்லாம் எளிதாகிவிடும். 12 மெகாபிக்சல் போட்டோ ஒன்று டிஸ்கில் 4 அல்லது 5 எம்பி இடம்தான் பிடிக்கும். ஆனால் அது சுருக்கி வைக்கப்பட்ட அளவு. திரையில் காட்டுவதற்காக முழுதாக விரித்தால் 4000 × 3000 புள்ளிகள், புள்ளிக்கு 3 பைட், ஆக 36 எம்பி. ஒரு திரையில் 60 படங்கள் தெரிய வேண்டும் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதனால்தான் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு குட்டி நகல் செய்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை அந்த நகலை மட்டும் காட்டுகிறார்கள்.

டிஜிகேம் இந்த நகல்களைத் தனி தரவுத்தளக் கோப்பில் சேர்த்துவைக்கிறது. முதல் முறை உருவாக்கும்போது நேரம் எடுக்கும். அதற்குப் பிறகு அசல் படங்களைத் தொட வேண்டியதே இல்லை என்பதால், கட்டங்கள் விரலுக்குச் சமமான வேகத்தில் ஓடும்.

படி 1: நிறுவுதல், முதல் கேள்விகள்

டிஜிகேம் அமைப்பின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். லினக்ஸ் என்றால் உங்கள் சாஃப்ட்வேர் ஸ்டோரிலேயே இருக்கும்.

முதல்முறை திறந்ததும் வரிசையாகச் சில கேள்விகள் வரும். இவற்றில் இரண்டுக்குத்தான் யோசித்துப் பதில் சொல்ல வேண்டும்.

ஒன்று, தரவுத்தளம் எங்கே இருக்க வேண்டும் என்பது. எஸ்கியூலைட் என்ற வகையை அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு லட்சம் படங்கள் வரை அது போதும். ஆனால் அதை வைக்கும் இடம் கணினிக்கு உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி டிஸ்காக இருக்கட்டும். படங்கள் வெளி ஹார்ட் டிஸ்கில் இருந்தாலும் பரவாயில்லை, தரவுத்தளம் உள்ளேதான் இருக்க வேண்டும். வேகத்தில் பாதி இந்த ஒரு முடிவில் இருக்கிறது. நெட்வொர்க் டிரைவில் மட்டும் அதை வைக்கவே வைக்காதீர்கள்.

இரண்டாவது, படத்துக்கு நீங்கள் கொடுக்கும் நட்சத்திர மதிப்பீடு, குறிச்சொல் போன்ற விவரங்களைப் படக் கோப்புக்குள்ளேயே எழுதலாமா என்ற கேள்வி. எழுதச் சொன்னால், நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாறினாலும் உங்கள் உழைப்பு படத்தோடு கூடவே வரும். வீட்டுப் படங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். அசல் கோப்பில் ஒரு பைட்கூட மாறக் கூடாது என்று நினைப்பவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிறகு செட்டிங்ஸில் சைட்கார் என்ற தனிக் கோப்பு முறையைத் தேர்ந்தெடுக்கலாம்.

மற்ற கேள்விகளுக்கு 'நெக்ஸ்ட்' போதும். புதிய பதிப்புகளில், முகங்களை அடையாளம் காணும் வசதிக்காகச் சில நூறு எம்பி அளவுள்ள கோப்புகளை இறக்கச் சொல்லும். இன்றைய வேலைக்கு அது தேவையில்லை, தாண்டிவிடுங்கள்.

படி 2: படங்கள் இருக்கும் இடத்தைக் காட்டுதல்

'செட்டிங்ஸ்' மெனுவில் 'கான்ஃபிகர் டிஜிகேம்' போய், 'கலெக்‌ஷன்ஸ்' பகுதியைத் திறந்தால் மூன்று பிரிவுகள் தெரியும்: கணினிக்கு உள்ளே இருப்பவை, கழற்றி மாட்டும் டிஸ்கில் இருப்பவை, நெட்வொர்க்கில் இருப்பவை. வெளி ஹார்ட் டிஸ்க் என்றால் மறக்காமல் இரண்டாவது பிரிவிலேயே சேருங்கள். அப்படிச் சேர்த்தால் டிஸ்கை அதன் தனி அடையாள எண்ணை வைத்து டிஜிகேம் கண்டுகொள்ளும். இன்றைக்கு ஈ டிரைவ், நாளைக்கு எஃப் டிரைவ் என்று எழுத்து மாறினாலும் குழம்பாது.

சி டிரைவ் முழுவதையும் காட்டிவிடாதீர்கள். மென்பொருள்களின் ஐகான்கள், பிரவுசர் சேமித்த குப்பைப் படங்கள் எல்லாம் உள்ளே வந்துவிடும்.

படி 3: தம்ப்நெயில்களை மொத்தமாக உருவாக்கிவிடுங்கள்

இதைப் பலரும் செய்வதில்லை. ஃபோல்டரைத் திறக்கும்போது தம்ப்நெயில் தானாக வரத்தானே செய்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால், ஒவ்வொரு ஃபோல்டரிலும் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியிருக்கும். பார்க்கும் ஓட்டம் அங்கேயே அறுந்துபோகும்.

அதற்கு முன் ஒரு சின்ன முடிவு. உங்கள் திரை 4கே மாதிரி அடர்த்தியானது என்றால், செட்டிங்ஸில் பெரிய தம்ப்நெயில்களைப் பயன்படுத்தும் தேர்வை இப்போதே போட்டுவிட்டு டிஜிகேமை மூடித் திறங்கள். வழக்கமான தம்ப்நெயிலின் நீளப் பக்கம் 256 புள்ளிகள், பெரியதில் 512. எல்லாவற்றையும் உருவாக்கிய பிறகு இதை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து உருவாக்க வேண்டியிருக்கும்.

சரி, இப்போது 'டூல்ஸ்' மெனுவில் 'மெயின்டனன்ஸ்' திறங்கள். எல்லா ஆல்பங்களையும் (டிஜிகேமில் ஃபோல்டருக்கு ஆல்பம் என்று பெயர்) தேர்ந்தெடுங்கள். 'ரீபில்ட் தம்ப்நெயில்ஸ்' என்பதில் டிக் போட்டு, மாறியதையும் விடுபட்டதையும் மட்டும் செய்யச் சொல்லும் தேர்வையும் போடுங்கள். பிராசஸரின் எல்லா கோர்களையும் பயன்படுத்து என்ற தேர்வும் அங்கேயே உண்டு, அதையும் போட்டு 'ஓகே' கொடுங்கள். சாப்பிடப் போகும் முன்போ தூங்கப் போகும் முன்போ ஓடவிடுவது நல்லது. லேப்டாப் என்றால் சார்ஜரில் இருக்கட்டும், தானாகத் தூக்க நிலைக்குப் போவதையும் நிறுத்திவையுங்கள்.

ஐபோன் படங்களின் ஹெச்ஈஐசி வகையையும், கேமராவின் ரா கோப்புகளையும் டிஜிகேம் தானே திறந்து தம்ப்நெயில் செய்துகொள்ளும்.

படி 4: கட்டங்களை உங்கள் கண்ணுக்கு ஏற்றபடி அமைத்தல்

கீழே வலது மூலையில் இருக்கும் நகர்த்துப் பட்டையால் தம்ப்நெயிலின் அளவு மாறும். கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு கூட்டல், கழித்தல் தட்டினாலும் மாறும். எந்த அளவு சரி என்றால், வேலையைப் பொறுத்தது. குப்பையை ஒதுக்கும்போது சிறிதாகவும், முகபாவம் பார்த்துத் தேர்ந்தெடுக்கும்போது பெரிதாகவும் வையுங்கள்.

கட்டத்தின் கீழே கோப்பின் பெயர், தேதி, அளவு, குறிச்சொல் என்று நிறைய வரும். எல்லாம் சேர்ந்தால் படத்தைவிட எழுத்துதான் அதிகம் தெரியும். செட்டிங்ஸின் 'வியூஸ்' பகுதியில் போய், தேதியையும் நட்சத்திரத்தையும் மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள். ஒரு திரைக்கு இன்னொரு வரிசைப் படங்கள் கூடுதலாகக் கிடைக்கும்.

'வியூ' மெனுவில் 'இன்க்ளூட் ஆல்பம் சப்-ட்ரீ' என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால், ஒரு ஃபோல்டரைக் கிளிக் செய்ததும் அதற்குள் இருக்கும் எல்லா உள் ஃபோல்டர்களின் படங்களும் ஒரே கட்டத்தில் வந்துவிடும். அதே மெனுவில் மாதவாரியாகப் பிரித்துக் காட்டும் தேர்வும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்றே தெரியாத பொங்கல் படங்கள் எல்லாம் வருடத்துக்கு வருடம் ஜனவரிக்குக் கீழே வந்து நிற்கும்.

வாட்ஸ்அப் படங்கள் மட்டும் இந்த வரிசைக்கு அடங்காது. வாட்ஸ்அப் வழியாக வரும்போது, படம் எடுத்த தேதி முதலான உள் விவரங்கள் நீங்கிவிடுகின்றன. அதனால் கோப்பு எப்போது உங்கள் டிஸ்குக்கு வந்ததோ அந்தத் தேதியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் ஆண்ட்ராய்டு போனில் அந்தக் கோப்பின் பெயரிலேயே வருடம், மாதம், நாள் மூன்றும் எண்களாக இருக்கும். அந்த ஃபோல்டரை மட்டும் பெயர்வாரியாக வரிசைப்படுத்தினால் ஓரளவு ஒழுங்காகிவிடும். நிரந்தரமாகச் சரிசெய்ய வேண்டும் என்றால், படங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு 'ஐட்டம்' மெனுவில் தேதி, நேரத்தைத் திருத்தும் கருவியைத் திறந்து, தேதியைக் கோப்பின் பெயரிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். அது படம் அனுப்பப்பட்ட தேதிதான், எடுத்த தேதி அல்ல. ஆனாலும் பெரும்பாலும் ஒரு நாள், இரண்டு நாள்தான் முன்பின் இருக்கும்.

படி 5: மூன்று சுற்றில் பிரித்தல்

இதுதான் முக்கியமான வேலை. எல்லாவற்றையும் ஒரே சுற்றில் முடிக்கப் பார்த்தால் கண்ணும் மனமும் சோர்ந்துவிடும்.

முதல் சுற்றில் தம்ப்நெயில்களைச் சிறிதாக வைத்து, யோசிக்கவே தேவையில்லாதவற்றை மட்டும் பொறுக்குங்கள். குட் மார்னிங் படங்கள், ஸ்கிரீன்ஷாட்டுகள், பாக்கெட்டுக்குள் தவறி எடுத்த கறுப்புப் படங்கள், காஸ் பில் போட்டோக்கள். சிறிய அளவில் இவை நிறத்தாலேயே தனித்துத் தெரியும். ஷிஃப்ட் அழுத்தி வரிசையாகவும், கண்ட்ரோல் அழுத்தி அங்கொன்றும் இங்கொன்றுமாகவும் தேர்ந்தெடுத்து டெலிட் கொடுங்கள். ரேஷன் கார்டு, ஆதார் மாதிரி ஆவணப் படங்களை அழிக்காமல் தனி ஆல்பத்துக்கு நகர்த்துவது நல்லது.

டெலிட் கொடுத்த படங்கள் டிஜிகேமின் சொந்தக் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். அது உங்கள் படங்கள் இருக்கும் அதே டிஸ்கில் ஒரு மறைவான ஃபோல்டர். இடது பக்க ஆல்பம் பட்டியலில் 'ட்ராஷ்' என்று தெரியும். அதைக் காலிசெய்யும்வரை டிஸ்கில் காலியிடம் அதிகமாகாது. அவசரப்பட்டுக் காலிசெய்யாதீர்கள், மூன்று சுற்றும் முடியட்டும்.

இரண்டாம் சுற்றில் தம்ப்நெயிலைப் பெரிதாக்குங்கள். இப்போது எதையும் அழிக்க வேண்டாம், கொடி மட்டும் போடுங்கள். ஆல்ட்டும் 1உம் சேர்த்தால் வேண்டாம், ஆல்ட் 2 என்றால் பிறகு பார்க்கலாம், ஆல்ட் 3 என்றால் வைத்துக்கொள்ளலாம். தவறாகப் போட்டதை ஆல்ட் 0 எடுத்துவிடும். அம்புக்குறியால் நகர்ந்துகொண்டே இடது கையால் கொடி போட்டுப் பழகினால், மவுஸைத் தொடவே தேவையில்லை. சந்தேகம் வரும் படத்தில் மட்டும் இரட்டைக் கிளிக் செய்து பெரிதாகப் பாருங்கள். எஸ்கேப் தட்டினால் பழைய இடத்துக்கே திரும்பலாம்.

தலைகீழாகவோ பக்கவாட்டிலோ கிடக்கும் படங்களையும் இந்தச் சுற்றிலேயே சரிசெய்துவிடுங்கள். தம்ப்நெயில் மேல் மவுஸை வைத்தால் திருப்பும் குறிகள் தெரியும்.

மூன்றாம் சுற்று, ஒரே காட்சியை ஐந்தாறு தடவை எடுத்த படங்களுக்கானது. குழுப் படத்தில் ஒருவர் கண்ணை மூடியிருப்பார், அடுத்ததில் இன்னொருவர் திரும்பியிருப்பார். தம்ப்நெயிலில் இது தெரியாது. அந்தப் படங்களைத் தேர்ந்தெடுத்து, வலது கிளிக் செய்து 'லைட் டேபிள்' என்பதற்கு அனுப்புங்கள். இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்றில் முகத்தைப் பெரிதாக்கினால் மற்றதிலும் அதே இடம் பெரிதாகும். மிகச் சிறந்ததற்குக் கண்ட்ரோலும் 5உம் சேர்த்து ஐந்து நட்சத்திரம் கொடுங்கள். ஐந்து நட்சத்திரத்தைத் தாராளமாக வழங்கிவிட்டால் அப்புறம் அதற்குப் பொருளே இல்லாமல் போய்விடும். ஆல்பம் அச்சடிக்கவோ சட்டம் போட்டுச் சுவரில் மாட்டவோ தகுதியானவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக வலது ஓரத்தில் 'ஃபில்டர்ஸ்' பட்டையைத் திறந்து, வேண்டாம் என்ற சிவப்புக் கொடியை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒதுக்கியவை எல்லாம் ஒரே கட்டத்தில் வந்து நிற்கும். ஒருமுறை மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். வீட்டில் இன்னொருவரையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டு அழிப்பது இன்னும் நல்லது. உங்களுக்கு மங்கலான படமாகத் தெரிவது, அம்மாவுக்குப் பாட்டியின் கடைசிப் படமாக இருக்கலாம்.

படி 6: ஒரே மாதிரிப் படங்களைக் கண்டுபிடித்தல்

'டூல்ஸ்' மெனுவில் 'ஃபைண்ட் டூப்ளிகேட்ஸ்' இருக்கிறது. இது பெயரையோ கோப்பின் அளவையோ பார்ப்பதில்லை. ஒவ்வொரு படத்தின் தோற்றத்திலிருந்தும் கைரேகை மாதிரி ஒரு சுருக்கம் எடுத்து ஒப்பிடுகிறது. அதனால் போனில் இருக்கும் அசலும், அதே படம் வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த சிறிய நகலும் ஜோடியாக மாட்டும். எதை வைத்துக்கொள்வது என்று குழம்ப வேண்டாம். கோப்பின் அளவுவாரியாக வரிசைப்படுத்தினால் பெரியதுதான் பெரும்பாலும் அசல்.

ஒற்றுமைச் சதவீதத்தை மிகவும் குறைத்து வைக்காதீர்கள். குறைத்தால் ஒரே மேடையில் நிற்கும் வெவ்வேறு மனிதர்களின் படங்களைக்கூட நகல் என்று சொல்லும்.

படி 7: இனி வரும் படங்களுக்கு

புதிய படங்களைச் சேர்த்த பிறகு படி 3இல் செய்த அதே 'மெயின்டனன்ஸ்' வேலையை ஓடவிடுங்கள். விடுபட்டதை மட்டும் செய்வதால் சீக்கிரம் முடிந்துவிடும். படங்களை ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதையும் பெயர் மாற்றுவதையும் டிஜிகேமுக்குள்ளேயே செய்யுங்கள். வெளியே விண்டோஸ் எக்ஸ்புளோரரில் மாற்றினால் தரவுத்தளத்துக்கு அது உடனே தெரியாது.

பேக்கப் எடுக்கும்போது படங்களோடு தரவுத்தளம் இருக்கும் ஃபோல்டரிலிருந்து டிஜிகேம்4 என்ற கோப்பையும் சேர்த்து நகலெடுங்கள். உங்கள் ஆல்பம் ஒழுங்கு, கொடி, நட்சத்திரம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. நகலெடுக்கும்போது டிஜிகேம் மூடியிருக்க வேண்டும். அதே ஃபோல்டரில் தம்ப்நெயில்களுக்கென்று இருக்கும் கோப்பு பெரியதாக இருக்கும். இடம் பற்றாவிட்டால் அதை விட்டுவிடலாம், எப்போது வேண்டுமானாலும் மறுபடி உருவாக்கிக்கொள்ள முடியும்.