பாதியில் நின்ற நாவலுக்குச் சீட்டு வைத்தியம்

1983 ஜூலைக் கொழும்பை வைத்து நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். பாதியில் கதை நகர மறுத்தது. யார் எங்கே நிற்கிறார், அவருக்கு அதுவரை என்ன தெரியும் என்பது எனக்கே பிடிபடவில்லை.

சரி என்று புறக்கோட்டையில் பிரிஸ்டல் போட் என்கிற தடித்த அட்டை வாங்கி வெட்டினேன். ஒரு காட்சிக்கு ஒரு சீட்டு. மேலே நாள், கிழமை, நேரம், இடம். கீழே அந்தக் காட்சியில் வரும் ஆளுக்கு என்ன வேண்டும், என்ன இன்னும் தெரியாது. இந்தக் கடைசி வரிதான் எல்லாம்.

ஜூலை 24, ஞாயிறு இரவே பொரளையில் தமிழருக்கு எதிரான வன்முறை தொடங்கிவிட்டது. வெள்ளவத்தையில் இருக்கும் என் நாயகனான எழுதுவினைஞருக்கு அது தெரியாது; திங்கள் காலை வழக்கம்போலக் கோட்டைக்கு ரயில் ஏறுகிறார். ஊரடங்கு வந்ததோ அன்று பிற்பகல்தான். அந்த இடைவெளியில் புதிய காட்சிகள் தாமாகவே விழுந்தன. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி என்று அவர் காலி வீதியில் நடந்தே திரும்பும் அத்தியாயம் அப்படி வந்தது.

உரையாடலை மட்டும் திட்டமிடுவதில்லை. அதையும் குறித்துவைத்தால் எழுதும் ஆசையே போய்விடும், எனக்கு. கடைசிச் சீட்டு இப்போதும் பென்சிலில்தான்: அவரை வடக்கே அகதிகளை ஏற்றிச் சென்ற காங்கேசன்துறைக் கப்பலில் ஏற்றுவதா, கொழும்பிலேயே வைத்திருப்பதா என்று முடிவெடுக்கவில்லை.