பத்து ராகம், ஒரே டிஸ்கோ தாளம்: 1982 ஆல்பத்தைக் கேட்கும் முறை

இந்தி சினிமா இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982இல் வெளியிட்ட மின்னிசை ஆல்பம் 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. அப்போது விலைபோகவில்லை. 2010இல் மறுவெளியீடு வந்தபிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். டிரம்மின் அடி 50 ஹெர்ட்ஸ் அளவில் இறங்கும். சின்ன ஸ்பீக்கரில் அது எழும்பாது, கீச்சென்ற மேல்சத்தம் மட்டும் மிஞ்சும். ஹெட்போன் போடுங்கள், 'பேஸ் பூஸ்ட்' வேண்டாம்.

பத்தையும் ஒரே மூச்சில் கேட்டால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தோன்றும், ஏனென்றால் தாளம் அசைந்து கொடுக்காது. இந்துஸ்தானி ராகமான பூபாளியை மட்டும் எடுத்து மூன்று முறை கேளுங்கள். நம் கர்நாடக இசை மோகனத்தின் அதே ஐந்து ஸ்வரங்கள் என்பதால் காது சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். முதல்முறை டிரம் மட்டும்: அது ரோலண்ட் டிஆர்-808 என்ற டிரம் இயந்திரம். இரண்டாம் முறை, கீழே நெளிந்து ஓடும் பேஸ். அதை வாசிப்பது டிபி-303 என்ற பேஸ் சிந்தசைசர். இதுதான் ஆல்பத்தின் உயிர். அதில் 16 படிகளில் ஸ்வரங்களைப் பதித்துவிட்டால் இயந்திரம் சுற்றிச்சுற்றி வாசிக்கும். 'ஸ்லைடு' போட்ட ஸ்வரம் வெட்டுப்படாமல் அடுத்ததற்கு வழுக்கிப் போகும். ஜாரு என்ற வழுக்கல் கமகம் பழகிய காதுக்கு இது அந்நியமாகப் படாது. 'ஆக்சென்ட்' போட்டது சற்று உரக்க, கூர்மையாக வரும். மூன்றாம் முறை, மேலே மெட்டு வாசிக்கும் ஜூப்பிட்டர்-8 சிந்தசைசர்.

பிறகு மால்கௌன்ஸ் (நம் ஹிந்தோளம்), கலாவதி (வலசி), அப்புறம் ஏழு ஸ்வர யமன் (கல்யாணி). 'தோடி' என்ற பெயரைப் பார்த்து நம் தோடியைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். அதன் ஸ்வரங்கள் சுபபந்துவராளியுடையவை. நிதானமான ஆலாபனையும் எதிர்பார்க்க வேண்டாம். பாட்டுக்கு ஐந்து நிமிடம்போலத்தான், அதற்குள் ராகத்தின் சாயல் கிடைக்கும், விஸ்தாரம் கிடைக்காது.

கடைசியாக, 'ஆசிட் ஹவுஸ்' என்ற மின்னணு நடன இசையின் தொடக்கப் பாட்டுகளில் ஒன்றாகச் சொல்லப்படும், சிகாகோவின் ஃபியூச்சர் குழு 1987இல் வெளியிட்ட 'ஆசிட் டிராக்ஸ்' கேளுங்கள். அங்கும் அதே 303தான். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தது என்று சொல்ல ஆதாரமில்லை. ஆனால் அங்கே ஒலியின் கூர்மையை மாற்றும் ஃபில்டர் குமிழைத் திருகுவதே பாட்டு. இங்கே ராகம்தான் பாட்டு, குமிழ் பக்கவாத்தியம்.