கூரை ஏறும் முன் மின்மானியைப் படியுங்கள்

வீட்டுக்குச் சூரிய மின்தகடு பொருத்தக் கற்க நினைப்பவர், ஒரு வாரத்துக்குக் கூரையை மறந்துவிட்டு, நாள்தோறும் ஒரே நேரத்தில் மின்மானியின் அளவைக் குறித்துவருவது நல்லது. 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் செலவாகும். இந்தக் கணக்கின்படி 2000 வாட் வெந்நீர்க் கருவி அரை மணி நேரத்தில் ஒரு யூனிட்டை விழுங்கிவிடுகிறது. 9 வாட் எல்.இ.டி. விளக்கோ அதே ஒரு யூனிட்டில் நூறு மணி நேரத்துக்கு மேல் எரியும். விளக்கை அணைக்கவில்லை என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்பவர்கள் குளியலறைப் பக்கமும் ஒருமுறை பார்க்கலாம்.

தேவையைக் குறைத்த பிறகே தகடுகளின் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுழலும் 75 வாட் மின்விசிறிகள் மூன்றை குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்ட 30 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறிகளாக மாற்றினால் ஏறத்தாழ 1.6 யூனிட் மிச்சமாகும். ஐந்து மணி நேர முழு வெயிலுக்கு நிகரான ஒளி கிடைக்கும் நாளில், இழப்புகள் போக, ஒரு 400 வாட் தகடு தருவதும் அவ்வளவுதான்.

அடுத்தது நிழல். தகட்டினுள் சிலிக்கான் செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒரு மூலையில் விழும் குழாயின் நிழல்கூட அந்த மூலையின் பரப்பளவுக்குச் சற்றும் பொருந்தாத இழப்பை உண்டாக்கும். நிழல் பட்ட செல்களைத் தவிர்த்து மின்சாரத்துக்கு மாற்றுவழி தர உள்ளே இருக்கும் பைபாஸ் டையோடுகள் அதை ஓரளவுக்குத்தான் தணிக்கும். காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் நிழல் எங்கே விழுகிறது என்பதைச் சுண்ணக்கட்டியால் கோடிட்டுப் பாருங்கள். குளிர்காலத்தில் நிழல் நீளும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். வடகோளத்தில் தகடு தெற்கு நோக்கியும் தென்கோளத்தில் வடக்கு நோக்கியும், ஏறத்தாழ அவ்விடத்தின் அட்சரேகை அளவுக்குச் சாய்ந்தும் இருக்க வேண்டும்.

தகட்டில் அச்சிட்டிருக்கும் வாட் அளவு, செல்லின் வெப்பம் 25 டிகிரி செல்சியஸாக இருக்கும்போது எடுக்கப்பட்டது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 விழுக்காடு வரை திறன் குறையும் என்பதால், தகட்டுக்கு அடியில் காற்றோட்டத்துக்கு இடைவெளி விடுவது அவசியம். மாறாக, குளிரில் மின்னழுத்தம் உயரும். தொடராக இணைத்த பத்துத் தகடுகளின் கூட்டு மின்னழுத்தம் 490 வோல்ட், தகட்டின் நேர்மின்னோட்டத்தை வீட்டுக்கு ஏற்ற மாறுமின்னோட்டமாக மாற்றும் இன்வெர்ட்டர் தாங்குவது 500 வோல்ட் என்றால், காகிதத்தில் கணக்குச் சரியாகத் தோன்றினாலும் ஒரு குளிர்ந்த விடியலில் அந்த வரம்பு மீறப்பட்டு இன்வெர்ட்டர் பழுதாகக்கூடும்.

கைப்பழக்கத்துக்கு 100 வாட் தகடு ஒன்று, பேட்டரியில் ஏறும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர், 12 வோல்ட் பேட்டரி ஆகியவை போதும். பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் வைத்து, கன்ட்ரோலருடன் முதலில் பேட்டரியையும் பிறகு தகட்டையும் இணையுங்கள். கழற்றும்போது இந்த வரிசையைத் திருப்புங்கள். மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளக்கும் மல்டிமீட்டரால் காலையும் மாலையும் அளந்து குறித்துவந்தால் வெயிலுக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு தானே புலப்படும்.

இதற்கு மேல், பல தகடுகளைத் தொடராக இணைப்பதையும் வீட்டு மின்சுற்றுடன் சேர்ப்பதையும் உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிட்டு, அருகில் நின்று பார்த்துக் கற்பதே என் பரிந்துரை. ஒளி பட்டுக்கொண்டிருக்கும் வரை தகட்டை அணைக்க வழியில்லை. மாறுமின்னோட்டத்தைப் போல நேர்மின்னோட்டம் இடையிடையே சுழியத்தைத் தொடாததால், மின்சாரம் பாயும்போது இணைப்பியைப் பிரித்தால் எழும் தீப்பொறி எளிதில் அணையாது. மின்வாரியக் கம்பியுடன் இணைந்த சாதாரண இன்வெர்ட்டர், மின்தடை ஏற்பட்டால் கம்பியில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காகத் தானும் நின்றுவிடும். நல்ல வெயிலிலும் வீடு இருண்டிருப்பதைக் கண்டு பழுதென்று எண்ண வேண்டாம்.

பேட்டரி இல்லாத அமைப்பானால், துணி துவைப்பதையும் நீர் ஏற்றுவதையும் நண்பகலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தகட்டைக் கழுவுவதை அதிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள். சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடக்கூடும்.